சிரிக்கிற முகத்தை அமத்துங்க

வங்கிக்காரருக்கு இப்ப பச்சைப் பைத்தியம் பிடிச்சிருக்கு. முந்தி ஈடு என்ன, பிணை ஆர் எண்டு கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்ப மரம், காத்து, கடல் எண்டு கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். கதைக்கட்டும், நல்ல விசயம்தானே, ஆர் வேணாம் எண்டது? ஆனால் கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணியில் பெண்டுகள் வந்து போகிற ஒரு சின்னக் கிளையை இழுத்து மூடுறதுக்கும் அதே பச்சைப் பெயின்ரைப் பூசினால் கோபம் வராதா? காகிதம் மிச்சமாம், மின்சாரம் மிச்சமாம், இனி எல்லாம் ஃபோனிலாம். மூடுறதுக்கு முன்னம் சனத்திட்டயும் ஒரு வார்த்தை கேட்டோம் எண்டு காட்டவேணுமே, அதுக்கு ஒரு ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சிக்கு வெயிலில் ஓடித்திரிய ஒரு ஆள். அந்த ஆள்தான் எங்கட துஷாந்தி.

துஷாந்தி சல்லி எண்ட கரையோர ஊர்ப் பிள்ளை. தகப்பன் இல்லை. தாய் வள்ளியம்மா கரையில் மீன் வாங்கிக் கருவாடு போட்டு விக்கிறவ. அந்தக் கருவாட்டு மணத்துக்குள்ள இருந்துதான் பிள்ளை படிச்சுப் பட்டமும் எடுத்தவள். பட்டம் எடுத்தவுடன வேலை கிடைக்குமெண்டு நினைச்சால் அது வேற கதை. அலைஞ்சு திரிஞ்சு, கடைசியில் திருகோணமலை உவர்மலையில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பந்த வேலை ஒண்டு அகப்பட்டது. நிலையத்தின் தலைவர் கலாநிதி யோகலிங்கம், கதிரையில் சாஞ்சு இருந்தால் தூங்குறாரா யோசிக்கிறாரா எண்டு தெரியாத மனுசன், ஆனால் நல்லவர். "இந்த அறிக்கை ஒழுங்காய்ப் போனால் வங்கி அடுத்த வருசத்துக்கும் காசு தரும். தந்தால் உங்களையும் வைச்சிருக்கலாம், பிள்ளை" எண்டு அவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுக்கொண்டுதான் தாயும் மகளும் அந்த வருசத்தை ஓட்டினார்கள்.

கையில் ஒரு டெப், தொட்டால் வேலை செய்யிற திரைப் பலகை, குடுத்திருந்தார்கள். அதில் கேள்வி ஒண்டு: "கிளை மூடி, வங்கி உங்கள் ஃபோனுக்கே வந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?" அதுக்குக் கீழ மூண்டு முகம். ஒண்டு சிரிக்கும், ஒண்டு உம்மெண்டு இருக்கும், ஒண்டு அழும். விரலால் ஒண்டை அமத்தினால் சரி. எழுத வாசிக்கத் தெரியாத ஆக்களும் பதில் சொல்லலாமாம். கொழும்பில் குளிரூட்டின அறைக்குள்ள இருந்து ஆரோ ஒரு கெட்டிக்காரன் கண்டுபிடிச்சது.

முதல் நாள் துஷாந்தி ஏறின முதல் படலை றம்லாவின் படலை. றம்லாவுக்கு எருமைத் தயிர்தான் தொழில். முற்றத்தில் சட்டிகள் வரிசையாய் இருக்கும், ஒவ்வொண்டின் வாயையும் கடதாசியால் மூடி நூலால் கட்டியிருப்பா. புருசன் முனாஸ் அதுகளைத் தம்பலகாமத்துக்குக் கொண்டு போய், கண்டி றோட்டுக் கரையில் வைச்சு விப்பார். துஷாந்தி வந்து நிக்கும்போது மத்தியான வெயில். செருப்பு வார் அறுந்து, ஊசி குத்தி இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். சலாம் சொல்லுறதா வணக்கம் சொல்லுறதா, அக்கா எண்டுறதா ராத்தா எண்டுறதா எண்டு அவள் தடுமாறிக்கொண்டு நிக்க, பைக்குள்ள ஃபோன் அடிச்சது.

"ஓம் அம்மா. சாப்பிட்டனான் அம்மா. வயிறு நிறையச் சாப்பிட்டனான்."

அவள் காலையிலிருந்து ஒண்டும் சாப்பிடவில்லை. உதட்டைப் பாத்தாலே தெரியும். றம்லா குசினிக்குள்ள போய்ச் சோத்தைப் போட்டு, மேல கட்டித் தயிரை அள்ளி வைச்சு, பச்சை மிளகாய் ஒண்டைக் கிள்ளிப் போட்டுக் கொண்டுவந்து நீட்டினா.

"இரி புள்ள. சாப்பிடு."

"ஐயோ வேணாம் ராத்தா, இப்பதான் சாப்பிட்டனான்."

"உன்ட உம்மாக்குச் சொன்ன பொய்ய எனக்கும் சொல்லாத. சாப்பிடு."

பிள்ளை சாப்பிட்டாள். வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே தகப்பன் இல்லாததையும் தாயின் கருவாட்டையும் சொன்னாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, டெப்பை எடுத்து, கேள்வியை வாசிச்சு, முகங்களைக் காட்டினாள். றம்லா மூண்டையும் மாறி மாறிப் பாத்தா.

"இந்த அழுற முகத்த அமத்தினா என்ன நடக்கும்?"

"ஒண்டும் நடக்காது ராத்தா. சேர் என்னைக் கூப்பிட்டு ஏன் எண்டு விசாரிப்பார், அவ்வளவுதான்."

"உன்னையா விசாரிப்பாரு?"

"ஓம், என்னைத்தானே விசாரிக்கவேணும்."

றம்லா அந்தப் பிஞ்சு முகத்தைப் பாத்தா, ஊசி குத்தின செருப்பைப் பாத்தா. பிறகு சிரிக்கிற முகத்தைத் தேடி, மெதுவாய் அமத்தினா. போகும்போது ஒரு சட்டித் தயிரையும் பையில் வைச்சு, "சட்டியப் பொறகு கொண்டு வா" எண்டு அனுப்பிவிட்டா.

அதுக்குப் பிறகு குறிஞ்சாக்கேணியில் துஷாந்திக்கு ராச மரியாதை. அவள் ஒரு ஒழுங்கையில் கால் வைக்க முந்தியே அடுத்த வீட்டில் தேத்தண்ணி கொதிக்கும். ஒருத்தி குடை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனாள். இன்னொருத்தி தன்ர மகள் றிஸ்னாவின் புதுச் செருப்பைக் கழட்டுவிச்சு, "இதப் போட்டுக்கொண்டு போ, அவளுக்கு வேற இருக்கு" எண்டு காலடியில் வைச்சாள். போன வீடெல்லாம் சிரிக்கிற முகம்தான். கேள்வியை வாசிச்சு முடிக்க முந்தியே விரல் அங்க போய் நிக்கும். சில பேர் அமத்திவிட்டு, "உங்கட சேர் நல்லவரா?" எண்டு ஒரு மாதிரியாய்க் கேட்டார்கள். "ஓம், நல்லவர்" எண்டு துஷாந்தி சொன்னாள். பாவம், அந்தக் கேள்வி ஏன் வருகுது எண்டு அவளுக்கு விளங்கவில்லை. இப்பிடியும் ஒரு நல்ல சனமா எண்டு பஸ்ஸுக்குள்ள இருந்து தனக்குள்ள சிரிச்சுக்கொண்டு வந்தாள்.

வீட்டில் வள்ளியம்மா தயிரை ருசி பாத்துவிட்டு, "கைப்பக்குவம் எண்டால் இதுதான்" எண்டா. சட்டியைக் கழுவி வைச்சு, அடுத்த நாள் மகள் வெளிக்கிடும்போது அதுக்குள்ள நெத்தலிக் கருவாட்டைப் போட்டு நிரப்பினா. "வெறும் சட்டியைத் திருப்பிக் குடுக்கக்கூடாது" எண்டது அவவின் சட்டம். றம்லாவும் அதே சட்டக்காரி. கருவாட்டை எடுத்துவிட்டுச் சட்டியை வெறுமனே அனுப்ப அவவுக்கும் மனம் வராது. இப்பிடியே அந்த ஒரு மண்சட்டி கருவாட்டோட போறதும் தயிரோட வாறதுமாய்ச் சல்லிக்கும் குறிஞ்சாக்கேணிக்கும் நடையாய் நடந்தது. ஒருத்தரையொருத்தர் கண்ணால் காணாத ரெண்டு பெண்டுகள் சட்டிக்குள்ளால சொந்தம் கொண்டாடினார்கள்.

நிலையத்தில் யோகலிங்கம் சேர் டெப்பை வாங்கிப் பாத்துவிட்டு நிமிர்ந்து இருந்தார்.

"எல்லாம் சிரிக்குது, பிள்ளை!"

"ஓம் சேர்."

"வங்கிக்குப் பழம் நழுவிப் பாலில விழுந்த மாதிரி. எண்டாலும் நீங்கள் மற்ற நாட்டு ஆராய்ச்சியளையும் வாசிச்சு ஒரு அத்தியாயம் எழுதுங்கோ. உலகம் எந்தப் பக்கம் போகுதெண்டு காட்டவேணும்."

அவள் வாசிச்சாள். கண் எரிய எரிய வாசிச்சாள். ஒரு காலத்தில் வங்கியைப் பற்றி ஆராய்ஞ்சவர்கள் லாபம் வருகுதா எண்டு மட்டும்தான் கேட்டிருந்தார்கள். பிறகு கேள்வி மாறிவிட்டது. வங்கி குடுக்கிற கடன் ஆத்தைக் கெடுக்குதா, காட்டை அழிக்குதா, புகையைக் கூட்டுதா எண்டு கேக்கத் தொடங்கினார்கள். நல்ல கேள்விகள். அவளுக்கும் பிடிச்சிருந்தது. கடலை நம்பி இருக்கிற வீட்டுப் பிள்ளைக்குக் கடலைப் பற்றி ஒரு வங்கி யோசிக்குது எண்டால் பிடிக்காமல் போகுமா? ஆனால் மனுசரைப் பற்றின பகுதி வந்தவுடன எல்லாக் கட்டுரையும் மெலிஞ்சு போனது. "வாடிக்கையாளர் திருப்தி: மிக உயர்வு" எண்டு ஒரு வரி, அதுக்குப் பிறகு அடுத்த பக்கம். தன்ர அறிக்கையும் அதே மாதிரித்தான் வருகுது எண்டு அவளுக்குச் சந்தோசம். உலகத்தோட ஒத்துப் போறம் எண்டு நினைச்சாள்.

சந்தோசம் ஆமினா உம்மா வீட்டு வாசல் வரைக்கும்தான் வந்தது.

அந்த ஊரில் மிச்சமாய் இருந்த கடைசி வீடு அது. ஆமினா உம்மாவுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்து, எல்லாம் பனிப்புகார் மூடின மாதிரித்தான் தெரியும். துஷாந்தி கேள்வியை வாசிச்சு டெப்பைக் கையில் வைச்சவுடன, அவ அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டு போய்த் திருப்பித் திருப்பிப் பாத்தா.

"மகள், இதில சிரிக்கிற முகம் எந்தப் பக்கம்?"

"ஏன் உம்மா, உங்களுக்கு எது சரியோ அதை அமத்தலாம்."

"விளையாடாதடி. தெரியாமக் கை அழுறதில பட்டுப் போச்செண்டா உனக்கு வேல போயிருமாமே. றம்லா ஊடு ஊடாச் சொல்லி வெச்சிருக்காளே, சிரிக்கிற முகத்த அமத்துங்க, வாப்பா இல்லாத புள்ள, வெயிலுக்குள்ள வருது, பாவம் எண்டு. காட்டு, எது?"

வெண்ணெய் திரண்டு வரேக்க தாழி உடைஞ்ச கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். துஷாந்திக்குத் தாழி உடைஞ்ச சத்தம் காதில் கேட்டது. அவ்வளவு தேத்தண்ணியும், குடையும், செருப்பும் ஒண்டன் பின் ஒண்டாய் வந்து முன்னால நிண்டன. ஆமினா உம்மாவின் விரலை மெதுவாய் டெப்பிலிருந்து எடுத்துவிட்டாள். பிறகு எழும்பி நேரே றம்லா வீட்டுக்கு நடந்தாள். நடந்தாளோ ஓடினாளோ.

றம்லா சட்டிக்குக் கடதாசி கட்டிக்கொண்டிருந்தா.

"ஏன் ராத்தா இப்பிடிச் செய்தனீங்க?"

"நான் என்ன செஞ்ச?"

"எல்லாரையும் சிரிக்கிற முகத்தை அமத்தச் சொன்னது நீங்களாமே."

றம்லா கையில் இருந்த நூலைப் பல்லால் கடிச்சு அறுத்தா. மறைக்கவுமில்லை, வெக்கப்படவுமில்லை. "ஓம், நான்தான் சொன்ன. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? எல்லாரும் சிரிச்சால் உங்கட வங்கியை மூடிப்போடுவாங்க ராத்தா! உங்களுக்குச் சந்தோசம் எண்டுதானே எழுதுவாங்க!" அவள் குனிஞ்சு றம்லாவின் முகத்தைப் பாத்தாள். "உங்களுக்கு உண்மையாவே சந்தோசமா?"

"எங்களுக்கு எங்கால சந்தோசம்?" எண்டா றம்லா. நூலைக் கீழே போட்டா. "எங்கட ஊட்டில ஒரு ஃபோன்தான் புள்ள. அது ஆருட சட்டப் பைக்குள்ள இருக்கும்? இவருடதான். இவரு கெட்ட மனிசன் இல்ல, அல்லாஹ் அறிய. இவரப் போல இரக்கம் உள்ள மனிசன் இந்த ஊரிலயே இல்ல. ஆரு வந்து கைய நீட்டினாலும் குடுத்திருவாரு. கையில இல்லாட்டி மத்தவனிட்ட வாங்கியாவது குடுப்பாரு. எங்கட மின்ஹாவ நேர்ஸ் படிப்புக்கு அனுப்ப எண்டு நான் பாங்கில போடுறது இவருட ஃபோனுக்குள்ள வந்திச்செண்டா, ஊரில உள்ள கஷ்டமெல்லாம் தீந்திரும், என்ட புள்ளைட படிப்பு மட்டும் நடக்காது. இங்க முக்கால்வாசி ஊட்டில இதான் கத. அந்தக் கவுண்டரில போய் நிண்டாத்தான் அது எங்கட காசு."

"அப்ப ஏன் இதை எனக்குச் சொல்லயில்லை?"

"சொல்லி?" றம்லா அவளை நிமிர்ந்து பாத்தா. "மூடுறதெண்டு முடிவெடுத்தவன் எங்கட முகத்தப் பாத்தா மூடுவான்? அவன் மூடத்தான் போறான். எங்களால பாங்கக் காப்பாத்த ஏலா. உன்னையாவது காப்பாத்தலாம் எண்டுதான் நாங்க அமத்தின. நீ வந்த அண்டைக்குப் பட்டினி கிடந்துக்கிட்டு உம்மாட்டச் சாப்பிட்டேன் எண்ட பாரு, அத நான் மறக்கல்ல."

துஷாந்தி அந்த முற்றத்திலேயே சட்டிகளுக்கு நடுவில் குந்தி இருந்து அழுதாள். கோபமா, நன்றியா, வெக்கமா எண்டு கேட்டால் அவளுக்கே தெரியாது. தான் வாசிச்ச அவ்வளவு கட்டுரையும் நினைவுக்கு வந்தது. மிக உயர்வு, மிக உயர்வு எண்டு எழுதியிருந்த ஊரிலெல்லாம் எந்தெந்தப் படலைக்குள்ள எந்தெந்த றம்லாக்கள் ஆருக்காக இரங்கிச் சிரிக்கிற முகத்தை அமத்தினார்களோ, ஆர் கண்டது?

அடுத்த நாள் காலையில் யோகலிங்கம் சேருக்கு முன்னால நிண்டு எல்லாத்தையும் ஒப்புவிச்சாள். சேர் இந்த முறை தூங்கவில்லை எண்டது நல்லாய்த் தெரிஞ்சது. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார், போட்டார், திரும்பக் கழட்டினார்.

"பிள்ளை, இதைச் சொன்னால் சேர்த்த தரவு முழுக்கப் பிழை எண்டு நாங்களே ஒத்துக்கொள்ளவேணும். வங்கி அடுத்த வருசத்துக்குக் காசு தராது. உங்களுக்கு விளங்குதே?"

"விளங்குது சேர்."

"இப்பிடியே அனுப்பினாலும் ஒருத்தரும் கேக்கமாட்டினம். உலகம் முழுக்க இப்பிடித்தான் எழுதுறாங்கள்."

"ஓம் சேர்."

அவர் துறைமுகப் பக்க யன்னலுக்குத் திரும்பினார். "நான் செய் எண்டும் சொல்லமாட்டன், செய்யாதை எண்டும் சொல்லமாட்டன். நீங்கள் எதைக் கொண்டு வந்தாலும் கையெழுத்துப் போடுறன்" எண்டார். நல்லவர் எண்டு முதலே சொன்னனே. நல்லவர்களிடம் இதுதான் தொந்தரவு, பாரத்தைத் தூக்கி எங்கட தலையில் வைச்சுவிட்டுத் தாங்கள் ஓரமாய் நிப்பார்கள்.

அண்டைக்கு வீட்டில் வள்ளியம்மா, "வேலை எப்பிடி மகள்?" எண்டு கேட்டா.

"நல்லம் அம்மா. உங்களுக்குக் கால் நோ எப்பிடி?"

"எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கிறன்" எண்டு சொல்லிக்கொண்டே தாய் சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு எழும்பினா. மகள் அதைப் பாத்துக்கொண்டு இருந்தாள். இந்த வீட்டிலயும் அவ்வளவு காலமாய் ரெண்டு பேரும் ஒருத்தருக்காய் மற்றவர் சிரிக்கிற முகத்தைத்தான் அமத்திக்கொண்டு இருந்திருக்கினம். கேக்கிறவனுக்கு நோகக்கூடாது எண்டு சொல்லுற பதிலால் ஒருத்தற்ர நோவும் ஆறுறதில்லை. அவள் படுக்கைக்குப் போக முந்தியே முடிவெடுத்துவிட்டாள்.

முடிவெடுக்கிறது லேசு. திரும்பிப் போய்க் கேட்டால் சனம் உண்மையைச் சொல்லவேணுமே! முதல் வாசலிலயே றம்லா மறிச்சா.

"அழுற முகத்த அமத்தினா உனக்கு வேல போகுமா, போகாதா? அதச் சொல்லு முதல்ல."

துஷாந்தி அவவின் கண்ணைப் பாத்துச் சிரிச்சாள். "போகாது ராத்தா. சேரிட்டக் கதைச்சிட்டன். உண்மையைக் கொண்டு வந்தால்தான் அவருக்குச் சந்தோசமாம். வேலை உறுதி."

"சத்தியமா?"

"அம்மாளாச்சி சத்தியமா."

சல்லி அம்மாளாச்சி அந்தச் சத்தியத்தைக் கேட்டிருப்பா. கேட்டுவிட்டு மன்னிச்சும் இருப்பா. தெய்வங்களுக்கு எங்களை விடக் கணக்குத் தெரியும்.

பிள்ளை டெப்பைப் பைக்குள்ளயே வைச்சுவிட்டு, முகம் ஒண்டும் காட்டாமல், பாயில் குந்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "உங்கட வீட்டு ஃபோன் ஆற்ர கையில இருக்கு?" அவ்வளவுதான். கதவு திறந்த மாதிரிக் கதை வந்தது. ஒருத்திக்கு மகன் ஃபோனை ஈடு வைச்சிருந்தான். ஒருத்திக்கு மாமியார்தான் கடவுச்சொல். புல்மோட்டையில் வேலை செய்யிற புருசன் ஃபோனைக் கையோட கொண்டு போய்விட, ஒரு வீட்டில் ஃபோனே இல்லை. ஆமினா உம்மா, "எனக்கு அந்தக் கவுண்டரில இருக்கிற புள்ளைட குரல் தெரியும், என்ட குரல் அவளுக்குத் தெரியும். ஃபோனுக்கு என்னத் தெரியுமா?" எண்டு கேட்டா. துஷாந்தி அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன சொல்லிலயே எழுதினாள். முதல் பக்கத்தில், "முன்னர் கிடைத்த பதில்கள் எல்லாம் என்மீது கொண்ட இரக்கத்தால் சொல்லப்பட்டவை, அவற்றைப் பயன்படுத்த முடியாது" எண்டு எழுதி, கீழே தன்ர பேரைப் போட்டாள். யோகலிங்கம் சேர் வாசிச்சார். ஒரு எழுத்தைக்கூட மாத்தவில்லை. கையெழுத்தைப் போட்டுத் திருப்பிக் குடுத்தார்.

அறிக்கை கொழும்புக்குப் போனது. அங்க என்ன கதைச்சார்கள், ஆர் ஆரோட பிடுங்குப்பட்டார்கள் எண்டு எங்களுக்குத் தெரியாது. மாரி மழை தொடங்கின கிழமை செய்தி வந்தது: குறிஞ்சாக்கேணிக் கிளை இருக்கும். மூடுறதில்லை. கூரையில் சூரிய மின்தகடு பூட்டப்போறார்களாம், பச்சையும் ஆச்சு, கவுண்டரும் ஆச்சு. இதை முதலிலயே யோசிச்சிருக்கலாம்தானே எண்டு கேக்காதேங்கோ, எனக்கும் அதே கோபம்தான். அதே கிழமை இன்னொரு கடிதமும் வந்தது. ஆராய்ச்சிக்கு அடுத்த வருசம் காசு இல்லை. யோகலிங்கம் சேர் அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பாக்கவில்லை. "வேற இடங்களில சொல்லி வைக்கிறன், பிள்ளை" எண்டார். "பரவாயில்லை சேர்" எண்டு சொல்லிவிட்டு அவள் டெப்பை மேசையில் வைச்சாள்.

கடைசியாய் ஒருக்கால் சட்டியைக் குடுத்துவிட்டு வரவேணும் எண்டு குறிஞ்சாக்கேணிக்குப் போனாள். சட்டிக்குள்ள வள்ளியம்மா அறக்குளாக் கருவாடு வைச்சிருந்தா. றம்லா படலையிலயே ஓடி வந்து கட்டிப் பிடிச்சா. பாங்கில் மனேஜரே சொன்னாராம், உங்கட கதையெல்லாம் கொழும்பில வாசிச்சாங்களாம் எண்டு. மின்ஹாவுக்கு நேர்ஸ் படிப்புக்கு இடம் கிடைச்சிருக்காம். முனாஸ் வெளியில நிண்டு சிரிச்சுக்கொண்டு, "தங்கச்சி, என்ட பேரக் கெடுத்து எழுதிட்டீங்களாமே, எண்டாலும் உண்மைதானே" எண்டு சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் சொல்லி முடிச்சு, மூச்சு வாங்கி, றம்லா கேட்டா:

"உன்ட வேல எப்பிடி புள்ள?"

"நல்லம் ராத்தா."

"அடுத்த வருசமும் வருவாய்தானே?"

"பாப்பம் ராத்தா. வேற வேற இடத்துக்கும் அனுப்புவினம்." அவள் சிரிச்சாள். நல்லாய்த்தான் சிரிச்சாள், பல்லெல்லாம் தெரிய.

றம்லா அந்தச் சிரிப்பைக் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டா. புதுத் தயிர்ச் சட்டி ஒண்டை எடுத்தா, கடதாசி கட்டின சட்டி. மின்ஹாவின் பேனையை வாங்கி, அந்தக் கடதாசியில் கோணல்மாணலாய் மூண்டு வட்டம் கீறினா. ஒண்டுக்கு வாயை மேல வளைச்சா, ஒண்டுக்கு நேர்க்கோடு, ஒண்டுக்குக் கீழ வளைச்சுக் கண்ணீரும் வைச்சா. சட்டியை ரெண்டு கையாலயும் ஏந்திப் பிள்ளைக்கு முன்னால நீட்டினா.

"இப்ப நீ அமத்து."

"என்ன ராத்தா இது, சின்னப்பிள்ளை விளையாட்டு."

"அமத்து எண்டுறன். உன்ன ஆரும் கூப்பிட்டு விசாரிக்க மாட்டாங்க."

துஷாந்தியின் விரல் சிரிக்கிற முகத்துக்குத்தான் முதல் போனது. பழக்க தோசம். அதுக்கு மேல நிண்டது, நிண்டது, பிறகு மற்றப் பக்கம் போய் அழுற முகத்தை அமத்தினது. அமத்தின வேகத்தில் கடதாசி பொத்துக்கொண்டு விரல் தயிருக்குள்ள போய்விட்டது.

"ஐயோ ராத்தா, சட்டி!"

"சட்டி கிடக்கட்டும்." றம்லாவின் கண்ணும் நிறைஞ்சு போயிருந்தது. "வேல போயிட்டுதா?"

துஷாந்தி தலையை ஆட்டினாள்.

"அம்மாளாச்சி சத்தியம் எண்டியே, கள்ளி." றம்லா தன்ர முந்தானையால அவளின் விரலையும் துடைச்சு முகத்தையும் துடைச்சு, எதை எதால துடைக்கிறம் எண்டில்லாமல் ரெண்டு பேரும் அழுதுகொண்டே சிரிச்சார்கள். கன்னத்தில் தயிர் அப்பிக் கிடந்தது. "கை பட்ட தயிர நான் ஆருக்கு விக்க? கொண்டு போ. இன்னும் கேட்டுக்க, நீ ஆராய்ச்சிக்கெண்டு வரத் தேவையில்ல. எங்கட ஊட்டுக்கெண்டு வா. வெறுங்கையோட வந்தாலும் வா."

பஸ்ஸில் யன்னல் ஓரத்தில் இருந்து, அழுற முகம் கிழிஞ்ச சட்டியை மடியில் வைச்சுக்கொண்டு அவள் வந்தாள். கிண்ணியாப் பாலம் தாண்டினவுடன ஃபோன் அடிச்சது.

"மகள், சாப்பிட்டனியா?"

வாய்க்குள்ள பதில் தயாராய்த்தான் இருந்தது. அவ்வளவு காலமாய்ச் சொன்ன பதில். துஷாந்தி அதை விழுங்கினாள்.

"இல்லை அம்மா. பசிக்குது. வேலையும் போயிட்டுது அம்மா."

அந்தப் பக்கம் வள்ளியம்மா மூக்கை உறிஞ்சுறது கேட்டது.

"எனக்கும் கால் சரியான நோ மகள்" எண்டா தாய். "வா, சோறு வைக்கிறன். இருந்து கதைப்பம்."

"தயிர் கொண்டு வாறன் அம்மா" எண்டாள் மகள்.